போகியன்று அடித்த வெள்ளை

கம்பம்,
தை 26, வியாழக்கிழமை.

அன்பு மகள் ஹேமாவதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஆதித்தனும் அப்படியே இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று கவரைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பயப்படாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நான்கு நாட்களாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், நீ சொல்லுங்கப்பா என்றதும் சாப்பிட்டாயா, அங்கே வெயிலா என்று பேச்சை மாற்றி வைத்துவிட்டேன். எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் உனக்கும் பயன்படும். கர்ணன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை உங்கள் ஆபீஸ் விசாரணையில் அவருக்கு வேலை போகப்போகிறது என்கிறார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, தப்புச் செய்தவன் நான். கோபம் வரும், வரட்டும், ஆனால் நடுவில் மடித்து வைக்காமல் கடைசி வரை படித்துவிடு தாயி.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடச் சொல்கிறாள் அம்மா. பக்கத்திலேயே இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் எதையாவது விட்டுவிடுகிறேனா என்று காவல். நீ அனுப்பிய முட்டி உறையில் ஒன்று சரியாக இருக்கிறது, இன்னொன்று இறுக்குகிறதாம். இரண்டும் ஒரே அளவுதானே என்றால், முட்டி ரெண்டும் ஒரே அளவாவா இருக்கு என்று என்னைத் திருப்பிக் கேட்கிறாள். தோட்டத்தில் திராட்சை நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது, பனி அதிகமாக இருப்பதால் சாம்பல் நோய் விழுந்துவிடக் கூடாதென்று மருந்து அடித்திருக்கிறோம். கூடலூர்ப் பக்கம் தூறல் என்றார்கள், இங்கே ஒரு சொட்டு இல்லை. வாசலில் நிற்கும் முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது, வருவோர் போவோர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு உனக்கில்லையே என்று அம்மா ஒவ்வொரு முறையும் சொல்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கர்ணனை உன்னிடம் சொல்லிவிட்டது நான்தான் என்பது உனக்கு மறந்திருக்காது. நம் பின்தெரு நதியாவின் வீட்டுக்காரர், ஜெயமங்கலத்துப் பிள்ளை, சர்வே டிப்ளமா படித்துவிட்டுத் தனியாக நிலம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தப்பா பங்கைப் பிரித்தபோது நம் தோட்டத்தை அளக்க அவரைத்தான் கூப்பிட்டோம். மேற்கு வரப்பை மூன்று தரம் அளந்தார். போதும் தம்பி, அண்ணன் தம்பிக்குள்ளே என்ன என்று நான் சொன்னேன். மொத ரெண்டு தடவையும் ஒரு விரக்கடை வித்தியாசம் வருதுங்கய்யா, ஒண்ணு போல வந்தாத்தேன் எனக்குச் சோறு எறங்கும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்கள் மெட்ரோவில் அளக்கிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று நீ சொன்னபோது அவர் பெயரைச் சொன்னேன். நீயும் பேசி வாங்கிக் கொடுத்தாய். மண்ணுக்குள் மிஷின் தோண்டிக்கொண்டு போகும்போது மேலே இருக்கிற வீடுகள் அசைகின்றனவா என்று தினமும் போய்ப் பார்த்து எழுதுவது அவர் வேலை. அது என்ன வேலை, மண்ணைத் தோண்டினால் வீடு விழாதா என்று அம்மா கேட்டதற்கு, நீ கேப்பைக் களியில் விரலை விட்டு உருவிக் காட்டினாய் ஞாபகம் இருக்கிறதா. விரலை எடுத்ததும் களி மூடிக்கொண்டது, மூடுவதற்குள் உள்ளே வளையம் வைத்து நிறுத்திவிடுவோம், அப்படியும் மேலே மயிரிழை அசையும், அந்த மயிரிழையைத்தான் அளக்கிறோம் என்றாய். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்தும் நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன்.

மார்கழிக் கடைசியில் நான் உன் வீட்டுக்கு வந்தபோது, அயனாவரத்தில் நாம் குடியிருந்த வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அந்தப் பக்கமெல்லாம் தோண்டிப் போட்டிருக்கு, ஒரே தூசி, உங்களுக்கு மூச்சு இளைக்கும், தனியாகப் போகவே கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டாய். சரி என்று தலையாட்டினேன். ஆனால் இங்கிருந்து கிளம்பும்போதே அம்மா சொல்லியனுப்பியிருந்தாள், எனக்குத்தேன் காலு வரல, நீங்களாவது அந்த வீட்டப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, வாசப்படியில அந்த வழவழப்பான கல்லு கெடக்கான்னு பாருங்க என்று. அதனால் போகியன்று நீ வேலைக்குக் கிளம்பியதும், கோயம்பேட்டில் பழைய மண்டிக்காரர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு, அசோக் நகரில் மெட்ரோ ஏறினேன்.

உன்னிடம் சொல்லாமல் ஏறினாலும் அது உன் ரயில் என்ற நினைப்பு எனக்கு. சீட்டைக் காட்டினால் கதவு தானாகத் திறக்கிறது, தள்ளுமுள்ளு கிடையாது, வேர்வை கிடையாது. எதிரே இருந்த ஒருவரிடம், இந்த மாதிரி ஒரு லைனுக்குத்தான் என் மகள் எஞ்சினியர் என்று சொல்லிவிட்டேன், அவர் காதில் எதையோ மாட்டியிருந்ததால் கேட்கவில்லை. நான் கொத்தவால்சாவடி மண்டியில் கம்பம் திராட்சை லாரிகளை இறக்கி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அயனாவரத்திலிருந்து சாவடிக்குப் பல்லவன் பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போவேன், பஸ்ஸில் ஏறும்போது இருந்த சட்டைப் பொத்தான் இறங்கும்போது இருக்காது. சாயங்காலம் அம்மா பொத்தான் தைத்துக்கொண்டே, மெட்ராசுல சம்பளம் தாராக, பொத்தானப் பிடுங்கிக்கிறாக என்பாள். அந்தப் பேச்சை நினைத்துச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வண்டி கோயம்பேட்டில் நின்று கதவு திறந்தது. இறங்கியிருந்தால் மாப்பிள்ளையிடம் சொன்னது பொய்யாகியிருக்காது, இறங்கவில்லை. அதற்கப்புறம் வண்டி மண்ணுக்குள் போனது, கீழ்ப்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை ஹேமா. பாதித் தெருவுக்குத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள், மீதியில் ஆள் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். மூலையில் இருந்த மாவு மில்லைக் காணோம், வீட்டு நம்பர் எல்லாம் மாறிவிட்டது, வாசலில் நின்ற வாதாம் மரம் இல்லை. இரண்டு தரம் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். அம்மா சொன்ன கல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். உனக்கு அந்த வீடு நினைவிருக்க வழியில்லை, உனக்கு ஐந்து முடிவதற்குள் சாவடியை மூடிக் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள், நானும் போதும் என்று ஊருக்குத் திரும்பிவிட்டேன். முன்பகுதியில் வீட்டுக்காரர் ஞானதுரை அண்ணனும் ஞானபாக்கியம் அக்காவும் இருந்தார்கள், பின்பகுதியில் நாம். அவர்கள் தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம், அண்ணனுக்கு ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டர் வேலை கிடைத்து அங்கே போனவர்கள். தேனிக்காரர்கள் என்ற ஒரே காரணத்துக்காக எங்களுக்கு முன்பணம் வாங்காமல் வீடு கொடுத்தார்கள். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் நீ பிறந்தபோது உன்னை முதலில் கையில் வாங்கியது அந்த அக்காதான், நான் சாவடியில் லாரி இறக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் நானும் சண்டை போட்டால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா ஜெபத்தைச் சத்தமாக ஆரம்பித்துவிடுவாள், நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். ஏழு வருஷம். இங்கே இந்த வீட்டில் முப்பது வருஷம் இருந்தாயிற்று, ஆனாலும் கனவில் வீடு என்று வந்தால் எனக்கு அந்த வீடுதான் வருகிறது, ஏன் என்று தெரியவில்லை, இளவயசு அங்கே போனதாலோ என்னவோ. அம்மாவைக் கேட்டால் அவளுக்கும் அப்படித்தானாம், இத்தனை வருஷமாக என்னிடம் சொன்னதில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமசுக்கு அவர்கள் பகுதிக்கு வெள்ளை, பொங்கலுக்கு எங்கள் பகுதிக்கு வெள்ளை, சுண்ணாம்புப் பானை ஒன்றுதான். டிசம்பர் நடுவில் அண்ணன் கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி நீரூற்றித் தாளித்து வைப்பார், அவர்கள் அடித்தது போக மீதியில் தண்ணீர் விட்டு, கொஞ்சம் நீலம் கலந்து போகியன்று நாங்கள் அடிப்போம். ஏணியில் நான், கீழே பானையோடு அம்மா, தேங்காய் மட்டையை அவள் தோய்த்துத் தோய்த்துக் கொடுப்பாள். வாசல் சுவர் மட்டும் பொது, அதைக் கிறிஸ்துமசுக்கு ஒரு தரம் அண்ணனும் பொங்கலுக்கு ஒரு தரம் நானும் அடிப்போம். அண்ணன் போய் ஒன்பது வருஷமாகிறது. இப்போது அக்கா தனியாக இருக்கிறாள், இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறாள். குரலை வைத்தே என்னைத் தெரிந்துகொண்டாள். தங்கப்பாண்டித் தம்பியா, மாயக்கா வரலையா என்று அம்மாவையும் விசாரித்து என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. வாசல் சுவரைப் பார்த்தேன், சுண்ணாம்பைக் கண்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், பச்சை பிடித்து, நடுவே கோணலாக ஒரு விரிசல். பண்டிகை நாளும் அதுவுமாக அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் முனைக்கடையில் சுண்ணாம்பும் நீலமும் கொஞ்சம் சிமெண்டும் மட்டையும் வாங்கி வந்துவிட்டேன்.

அக்கா என்னைத் தடுத்தாள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உள்ள வேணா அடிச்சுக்கிருங்க தம்பி, வாசச் செவத்துல மெட்ரோக்காரக என்னமோ ஒட்டி வச்சிருக்காக, தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாக என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மெட்ரோவே எங்க வீட்டு மெட்ரோதேன் அக்கா, எம் மகதேன் அங்கன எஞ்சினியரு, நான் பாத்துக்கிறேன் என்றேன். உன்னைப் பெற்ற மிதப்பில் சொன்ன வார்த்தை அது. விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடிச் சில்லைப் பார்த்து, விரிசலை அடைக்கத் துப்பில்லாமல் ஏதோ ஒட்டி மறைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கரண்டியால் நெம்பி எடுத்துவிட்டு, விரிசலில் சிமெண்டை அப்பினேன். மேலே ஒரு ஓரமாகச் சின்னதாக வட்டக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அது திருஷ்டிக் கண்ணாடி என்று நினைத்தேன் ஹேமா, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நம் ஊரில் கடைக்குக் கடை மாட்டியிருக்கிறார்களே, அந்த மாதிரி. என்னக்கா, வேதக்காரக வீட்டுலயும் திருஷ்டிக் கண்ணாடியா என்று கேலி வேறு செய்தேன். திருஷ்டிக்கு மாட்டுகிறவன் ஓரத்தில் மாட்டுவானா, யாருக்கும் விவரம் இல்லை என்று அதைக் கழற்றித் துடைத்து, வாசல் நிலைக்கு நேர் மேலே பசை வைத்துப் பாந்தமாக ஒட்டிவிட்டேன். நான்கு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. நீலம் கலந்த வெள்ளையில் அந்தச் சுவர் பழையபடி பளிச்சென்று நின்றது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாவிட்டாலும் சுவரில் கையை வைத்துப் பார்த்து, ஈரச் சுண்ணாம்பு வாசனைக்கு அவரு ஞாபகம் வருது என்றாள். நானும் அழுதுவிட்டேன். சந்தோஷமாகத்தான் உன் வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் பொங்கல் அன்று நடந்தது உனக்கே தெரியும். பானை பொங்கி வடை போட்டுக்கொண்டிருக்கும்போது உனக்குப் போன் வந்தது, அப்படியே போட்டுவிட்டு ஓடினாய். அந்தச் சின்னக் கண்ணாடியை இரண்டு நாளைக்கு ஒரு தரம் எதிர்ச்சாரியில் கருவியை நிறுத்திப் பார்ப்பீர்களாம், அன்றைக்குப் பார்த்தால் ஒரு வீட்டுச் சுவர் கெஜக்கணக்கில் நகர்ந்துவிட்டதாகக் காட்டியதாம், மிஷினை நிறுத்திவிட்டீர்கள். சாயங்காலம் முகமெல்லாம் வாடி வந்து, ஒன்றும் நகரவில்லை, எந்த முட்டாளோ சுவருக்கு வெள்ளையடித்து எல்லாவற்றையும் பிடுங்கி மாற்றி வைத்திருக்கிறான் என்று நீ சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் நெஞ்சில் வடை அடைத்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நீதான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ கோபப்படுவாய் என்பதை விட, மாப்பிள்ளை முன்னால் என்ன ஆவது என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். சுவர் நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவு அவசரமாக ஏன் கிளம்புகிறீர்கள் என்று நீ இரண்டு தரம் கேட்டாய்.

தை பிறந்து பத்து நாள் போயிருக்கும், நீ போனில் கர்ணனைப் பற்றிச் சொன்னாய். வெள்ளையடித்தது போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் என்று அந்த வீட்டம்மா சொல்லியிருக்கிறாள், ஆனால் போகியன்று காலை பத்து மணிக்கு, விரிசல் விரிந்தால் உடையட்டும் என்று ஒட்டிய கண்ணாடிச் சில்லு உடையாமல் இருக்கிறது என்று இவர் எழுதியிருக்கிறார், இல்லாத கண்ணாடியை எப்படிப் பார்த்தார், அந்த வீட்டுக்குப் போகாமலேயே எழுதியிருக்கிறார் என்றாய். நம்ம ஊர்க்காரர் என்று நான் மூடி மறைத்தால் நாளைக்கு என் நேர்மையைச் சந்தேகப்படுவார்கள், அதனால் ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றாய். உன் குரலில் எவ்வளவு வருத்தம் இருந்தது என்பது எனக்குத் தெரிந்தது. என் மகள் நேர்மையாகத்தான் நடந்திருக்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போதும் நான் ம் என்று கேட்டுக்கொண்டேன். முந்தின நாள் என்று அக்கா ஏன் சொன்னாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது, ஆனால் போன் போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு பெரிய மனுஷன் பதினைந்து நாள் இப்படித் திருடன் மாதிரி இருந்தேன் என்று நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கர்ணன் வந்தார். நதியாவையும் பிள்ளைகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போக வந்தவர், நம் வீட்டுக்கும் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்றால் வரவில்லை. பாதியாக இளைத்துவிட்டார் ஹேமா. ஒங்க பேரயும் மேடம் பேரயும் கெடுத்துட்டேங்கய்யா, அதுக்குத்தேன் மாப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன் என்றார். நீங்கள் அந்த வீட்டுக்குப் போனீர்களா இல்லையா என்று அம்மா கேட்டாள். போனேன்னுதான் இருக்கு, கதவத் தட்டுனது, அந்தக்கா யாருன்னு கேட்டது எல்லாம் ஞாபகம் இருக்கு, ஆனா அத்தன பேரும் போகலன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிருச்சு, வேற நாளு போனத அன்னிக்கின்னு நெனைக்கிறேனோ என்னமோ என்றார். வரப்பை மூன்று தரம் அளந்த மனுஷன், தன் காலால் நடந்து போனதையே நம்ப முடியாமல் நின்றார். நான் காபி குடித்துவிட்டுப் போ தம்பி என்று மட்டும் சொன்னேன். காபியைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினாள். என்ன செஞ்சீக என்று மட்டும்தான் கேட்டாள். பொங்கல் முடிந்து நான் திரும்பி வந்தபோது என் வேட்டி ஓரத்தில் நீலச் சுண்ணாம்பு இருந்ததாம், தோய்த்தவளுக்குத் தெரியாதா, அந்த வீட்டுக்குப் போய் ஏதோ பூசிவிட்டு வந்திருக்கிறேன், நானாகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் வீட்டப் பாத்துட்டு வரத்தான சொன்னேன், வெள்ளையா அடிக்கச் சொன்னேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள், பிறகு அந்தக் கல்லு இருந்துச்சா என்று கேட்டாள். அன்றைக்கே ஞானபாக்கியம் அக்காவுக்குப் போன் போட வைத்தாள். அக்கா சொன்னது இதுதான்: ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்து மிரட்டிக் கேட்டார்கள், நான் உன் அப்பா என்று அவளுக்குத் தெரியும், உனக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று, யாரோ கூலியாள் முந்தின நாள் சாயங்காலம் அடித்துவிட்டுப் போனான் என்று சொல்லிவிட்டாள். போகி என்று சொன்னால் எதிரே டீக்கடையில் விசாரித்து என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். இன்னொருத்தர் தலையில் அது விடியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதும், ஆண்டவரே, வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொன்னேன், அது ஒரு புள்ள சோத்துல போயி விழுந்துருச்சே என்று போனிலேயே விம்மினாள். எங்கே வந்து வேண்டுமானாலும் உள்ளதைச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே, உன்னை முதலில் தூக்கியவள்.

நேற்று கர்ணனைப் பார்க்க ஜெயமங்கலம் போய் வந்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், முட்டி வலியோடு கூடவே வந்தாள். கர்ணன் வயல் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். தம்பி, போகியன்னைக்குப் பதினோரு மணிக்கு மேல அந்தச் செவத்துல வெள்ளையடிச்சது நான்தேன், நீ பாத்துட்டுப் போன பெறகு என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். கண்ணாடிச் சில்லுக்குப் பக்கத்துல பென்சில்ல ஏதாச்சும் எழுதியிருந்துச்சாங்கய்யா என்றார். எழுதியிருந்தது ஹேமா. சின்னச் சின்ன எண்களாக ஒரு வரிசை, பால்காரன் கிறுக்கியது என்று நினைத்து அதன் மேலேயே மட்டையை இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, கடைசியில் பதினாலு. பதினாலு மட்டும் மற்றதை விடக் கறுப்பாக, புதிதாக இருந்தது. தினமும் பார்த்து முடித்ததும் அன்றைய தேதியை அங்கே போடுவது அவர் பழக்கமாம், யாரும் போடச் சொன்னதில்லையாம், விசாரணையில் சொன்னபோது வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது என்று சொல்லிவிட்டார்களாம். நான் பதினாலு என்றதும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்ப நான் போயிருக்கேன் என்றார். வேலையைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை, அப்ப நான் போயிருக்கேன், போயிருக்கேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கிளம்பும்போது, மேடம் பேரு வெளிய வராமப் பாத்துக்கிருங்கய்யா, அவுக என்ன செய்வாக பாவம் என்று என்னிடம் சொன்னார். அந்த மனுஷனைத்தான் நாம் பொய்க்காரராக்கியிருக்கிறோம்.

உன் பெயர் வெளியே வராமல் இதைச் சொல்ல வழியில்லை, நானும் நான்கு நாட்களாக யோசித்துப் பார்த்துவிட்டேன். மெட்ரோ எஞ்சினியரின் அப்பனே கண்ணாடியைப் பிடுங்கினான் என்று சிரிப்பார்கள், நீ தெரிந்தே மறைத்தாயா என்று கேட்பார்கள், உனக்கு வரவேண்டிய உயர்வு தள்ளிப்போகலாம். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, ஆனால் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து மாற்றாமல் ஆபீசில் கொடு. நான் ஞாயிற்றுக்கிழமை தேனியில் ரயில் ஏறுகிறேன், திங்கட்கிழமை காலை சென்ட்ரலில் இறங்கி நேரே அக்கா வீட்டுக்குப் போய் அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், கர்ணனும் என்னோடுதான் வருகிறார். செவ்வாய்க்கிழமை அவர்கள் முன்னால் நின்று வாயாலும் சொல்கிறேன். அந்தச் சுவரில் நான் அடித்த வெள்ளையை ஈரத்துணியால் மெதுவாகத் தேய்த்தால் சுண்ணாம்பு போகும், பென்சில் எழுத்து அடியில் இருந்தாலும் இருக்கும், யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல், என்னைத் தொட விடாதே.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, தலைக்குத் தொப்பி போடாமல் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்காதே. மாப்பிள்ளையிடம் நான் கோயம்பேடு என்று சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிடு. சுருளியாண்டவர் துணையில் உனக்கு ஒரு குறையும் வராது, நீ போடும் ரயிலில் ஊரெல்லாம் பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறாள். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. முதலில் கர்ணனுக்குப் போடு.

இப்படிக்கு
உன் அப்பா,
அ. தங்கப்பாண்டியன்,
போகியன்று அந்தச் சுவரில் பதினாலு என்று எழுதியிருந்ததைக் கண்ணால் கண்டவன்.
உடன் இருந்து எழுத வைத்தவள், மாயக்காள்.